மனத்தை அளந்தவர்கள் – 9: மறந்த பின்னும் மிஞ்சுவது

குறுகிய கால நினைவு, நீண்ட கால நினைவு என்னும் பாகுபாடு சென்ற வாரத்தோடு முடிந்தது. தொடர்ந்து படித்துவருவோருக்கு அதனை மீண்டும் விரித்துரைக்க வேண்டியதில்லை. இவ்வாரம் ஆல்ஃபிரெட் பினேயின் நுண்ணறிவுச் சோதனை தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தபோதிலும், அச்சோதனையில் இடம்பெற்ற ஒரு வினாவின் மூலத்தைத் தேடினால் ஹெர்மன் எபிங்ஹாஸ் குறுக்கிடுகிறார். அவரை இரண்டு வரிகளில் தாண்டிச் செல்வது இயலாத காரியம்.

1850இல் ஜெர்மனியின் பார்மென் நகரில் பிறந்த எபிங்ஹாஸ், ஃபெக்னர் 1860இல் வெளியிட்ட மனப்பௌதிக நூலின் பிரதி ஒன்றைப் பாரிஸின் பழைய புத்தகக் கடையில் கண்டெடுத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஒளி, ஒலி, எடை போன்ற புறத் தூண்டல்களுக்கும் அவை எழுப்பும் புலனுணர்வுக்கும் உள்ள உறவைக் கணக்கால் காட்டலாம் என்பது அந்நூலின் சாரம். புலனுணர்வுக்குக் கணக்கு உண்டென்றால் நினைவுக்கும் இருக்க வேண்டும் என்று துணிந்த எபிங்ஹாஸ், சோதிப்பவரும் சோதனைக்கு உட்படுபவரும் தாமாகவே இருந்து, 1879–80லும் பின்னர் 1883–84லும் நடத்திய சோதனைகளை 1885இல் நினைவு பற்றிய சிறு நூலாக வெளியிட்டார்.

கற்பதற்கு எடுத்துக்கொள்ளும் பாடம் ஏற்கெனவே அறிந்தவற்றோடு தொடர்பு கொண்டிருந்தால், அளக்கப்படுவது நினைவா பழைய அறிவா என்பது விளங்காமற் போகும் என்பதால், இரு மெய்யொலிகளுக்கு நடுவே ஓர் உயிரொலியை வைத்து ஏறத்தாழ 2300 பொருளற்ற அசைகளை அவர் உருவாக்கினார். அவற்றைக் கலைத்துப்போட்டு எடுத்து வரிசைகளாக அமைத்து, நிமிடத்துக்கு 150 அசைகள் என்ற மாறாத வேகத்தில், பிழையின்றி ஒப்பிக்க வரும்வரை வாய்விட்டுப் படித்தார். 7 அசைகள் கொண்ட வரிசை ஒரே வாசிப்பில் மனத்தில் நின்றது; 12 அசைகளுக்கு 17 முறையும், 24 அசைகளுக்கு 44 முறையும் தேவைப்பட்டன. மனம் ஒரே வீச்சில் ஏற்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதும், அதனைக் கடந்ததும் உழைப்பு திடீரென ஏறுகிறது என்பதும் இதனால் புலப்பட்டன.

ஆயினும் அவருடைய மேதைமை அசைகளில் இல்லை, மறதியை அளப்பதற்கு அவர் கண்ட வழியில் இருக்கிறது. 'எவ்வளவு நினைவிருக்கிறது' என்று கேட்பதற்கு மாறாக, கற்றதை மீண்டும் கற்பதற்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்று அவர் கேட்டார். ஒரு வரிசையைக் கற்க முதலில் 1000 விநாடிகளும், மறுநாள் மீண்டும் கற்க 663 விநாடிகளும் ஆயின என்று கொண்டால், மிச்சமான 337 விநாடிகள், அதாவது 33.7 சதவீதம், முதற் கற்றலிலிருந்து எஞ்சி நின்ற பயனாகும். இதுவே சேமிப்பு முறை எனப்படுகிறது. இம்முறைப்படி அவருக்கு 20 நிமிடங்களுக்குப் பின் 58.2 சதவீதமும், ஒரு மணி நேரத்துக்குப் பின் 44.2 சதவீதமும், ஒரு நாளுக்குப் பின் 33.7 சதவீதமும், 31 நாள்களுக்குப் பின் 21.1 சதவீதமும் மிஞ்சின. தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கிப் பின்னர் ஏறக்குறையச் சமநிலையில் நீளும் இந்தக் கோடே மறதி வளைகோடு.

பயிற்சி வகுப்பு நடத்துவோர் இந்த எண்களைக் கொண்டு, மனிதர் படித்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே நாளில் மறந்துவிடுகின்றனர் என்று சொல்லிவருவது பொருந்தாது. 33.7 என்பது நினைவில் நின்ற அசைகளின் விழுக்காடு அன்று, மிச்சப்பட்ட நேரத்தின் விழுக்காடு. அதுவும் பொருளற்ற அசைகளை ஒரே மனிதர் கற்றதிலிருந்து பெறப்பட்டது. அந்த ஒரே மனிதரின் கோடு இன்றும் நிற்கிறது என்பது வேறு செய்தி: 2015இல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மூர்ரே, டிராஸ் என்னும் இருவர், அவர்களுள் டிராஸே சோதனைக்கு உட்பட்டு ஏறத்தாழ 70 மணி நேரம் அசைகளைக் கற்க, அதே வடிவிலான கோட்டினைப் பெற்றனர்.

பொருளுள்ளவற்றைக் கற்கும்போது நிலைமை எவ்வளவு மாறும் என்பதை அறிய, பைரனின் 'டான் ஜுவான்' காவியத்திலிருந்து சில பாடல்களை எபிங்ஹாஸ் மனப்பாடம் செய்தார். ஏறத்தாழ 80 அசைகள் கொண்ட ஒரு பாடல் 9 வாசிப்புகளுக்குள் மனத்தில் படிந்தது. அதே நீளமுள்ள பொருளற்ற வரிசைக்கு 70 முதல் 80 வாசிப்புகள் ஆகும் என்பது அவருடைய கணக்கு. பொருள், யாப்பு, எதுகை ஆகியவை சேர்ந்து உழைப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தன. ஆனால் இக்கதை அத்தோடு முடியவில்லை. 22 ஆண்டுகள் கழித்து, இடையில் கைவிடப்பட்டிருந்த அப்பாடல்களை அவர் மீண்டும் கற்றபோது, புதிய பாடல்களுக்கு ஆகும் நேரத்தைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைவாகவே ஆயிற்று. நினைவுகூரும் முயற்சிக்கு அகப்படாமல் போனது, கற்கும் வேகத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்தது. மறதி என்பது அழிவா, எட்டாமையா என்று தத்துவ அறிஞர் நெடுங்காலம் வாதிட்டுவந்த வினாவுக்கு அந்த 7 சதவீதம் முழு விடை ஆகாது. எனினும் வெறும் ஊகத்துக்கு விடப்பட்டிருந்த ஒன்றனுக்குள் கடிகாரத்தை நுழைத்த துணிவும், தம்மையே 22 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சோதித்த பொறுமையும் உளவியல் வரலாற்றில் எளிதில் காணக்கூடியவை அல்ல.

பினேயோடு தொடர்புள்ள செய்தி இனிமேல்தான் வருகிறது. எபிங்ஹாஸ் பேராசிரியராகப் பணியாற்றிய பிரெஸ்லாவு நகரில், அதாவது இன்றைய போலந்தின் விரோட்ஸ்வாஃபில், காலையில் இடைவிடாது ஐந்து மணி நேரம் பள்ளி நடத்துவது மாணவரைக் களைப்படையச் செய்கிறதா என்ற கேள்வி எழுந்தது. அதனை ஆராயும் பொறுப்பில் பங்கேற்ற அவர், கணக்கிடுதல், எண்களை நினைவிற் கொள்ளுதல் ஆகிய பணிகளோடு, அங்கங்கே அசைகளும் சொற்களும் நீக்கப்பட்ட உரைநடைப் பகுதி ஒன்றை நிரப்பும் பணியையும் மாணவருக்குத் தந்து, முடிவுகளை 1897இல் வெளியிட்டார். நம் பள்ளி மாணவர் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று அறிந்திருக்கும் வினாவின் நெருங்கிய உறவு இது. களைப்பைப் பற்றித் தெளிவான விடை கிடைக்கவில்லை. மாறாக, வகுப்பில் முன்னிற்கும் மாணவரையும் பின்தங்கிய மாணவரையும் மற்றப் பணிகளைவிட இந்நிரப்புதலே நன்கு பிரித்துக் காட்டியது. சிதறிக் கிடக்கும் கூறுகளை இணைத்து ஒரு முழுமையை உருவாக்குவதே அறிவாற்றல் என்று எபிங்ஹாஸ் அதற்கு விளக்கம் தந்தார். நினைவை அளப்பதற்காகப் பொருளை முற்றாக வெளியேற்றியவர், அறிவை அளக்கப் புகுந்தபோது அப்பொருளையே அளவுகோலாக்கிக்கொண்டார் என்பதனை அவருடைய மாணவர்கள்கூடப் போதுமான அளவு வியந்ததாகத் தெரியவில்லை.

பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் பாரிஸில் வெளியிட்ட 30 பணிகளுள், விடுபட்ட சொற்களை நிரப்பும் பணியும் ஒன்றாக அமைந்தது. மற்ற 29 பணிகளும், 1908இல் அவற்றின்மேல் எழுந்த 'மன வயது' என்னும் கருத்தும், அதனை உண்மை வயதால் வகுத்து ஈவு கண்ட வில்லியம் ஸ்டெர்னும் அடுத்த வாரத்துக்குரியவை.

(தொடரும்)