ஒரே பாவில் பல சேலைகள்

சங்கத்தின் கூட்டுக் கொள்முதல் என்றவுடன் நூல், சாயம், உரம் ஆகியவையே நம் அங்கத்தினர்களின் நினைவுக்கு வரும். மின்பொறியியல் மாணவர்களும் இம்முறையைக் கையாண்டனர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

கணிப்பொறியின் உள்ளுறுப்பாகிய சில்லு, சிலிக்கன் தகட்டின் மேல் அடுக்கடுக்காகப் படம் பதித்து ஆக்கப்படுவது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி அச்சுத்தகடு வேண்டும். ஒரு சில்லு செய்தாலும் ஆயிரம் செய்தாலும் அச்சுத்தகட்டின் செலவு மாறாது. ஆகவே மாணவன் வரைந்த சில்லு பெரும்பாலும் தாளிலேயே கிடந்தது. கட்டத்தாளில் புட்டா வரைந்து பழகியவன், தறியில் உட்காராவிடில் நெசவை எங்ஙனம் அறிவான்?

1978-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் லின் கான்வே என்னும் அம்மையார் அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாடம் நடத்தினார். அவர்தம் மாணவர்களின் திட்டங்கள் யாவும் ஒரே பதிப்பில் அடுத்தடுத்து இடம்பெற்றன. ஒரே பாவில் பல சேலைகள் நெய்து அறுத்துக் கொடுப்பதற்கு ஒப்பானது இது. வரைபடங்கள் கணிப்பொறி வலை வழியே கலிபோர்னியா சென்றன. 1979 ஜனவரியில் சில்லுகள் மாணவர் கைக்கு வந்தன. அவ்வாண்டின் இறுதியில் 12 பல்கலைக்கழகங்களின் 82 திட்டங்கள் சேர்ந்தன. கெடு முடிந்த 29-ஆம் நாள் சில்லுகள் ஆயத்தமாயின.

இது நடந்தேறியதற்குக் காரணம் இரண்டு. கார்வர் மீடும் கான்வேயும் வகுத்த வரைவிதிகள் எளியவை. எல்லா அளவுகளும் ஒரே அலகின் மடங்குகளாக அமைந்தமையால் புதிய மாணவனும் பிழையின்றி வரைய முடிந்தது. மற்றொன்று, கெடுவின் கண்டிப்பு. ஒருவர் தாமதித்தால் அனைவருடைய சில்லும் தாமதிக்கும். தவணை தவறியவரிடம் நம் சங்கங்களில் சில நிர்வாகிகள் காட்டும் தாட்சண்யம் அங்கே செல்லாது.

எனினும் இதைக் கூட்டுறவுச் சங்கம் என்று நான் பதிவு செய்ய மாட்டேன். பங்குத்தொகை கிடையாது. 1981-இல் இப்பணியை ஏற்ற 'மோசிஸ்' என்னும் அமைப்பின் தொடக்கச் செலவையும் அமெரிக்க அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையே தாங்கிற்று. கூட்டுறவின் உயிர்நிலையான சொந்த முதல் அதில் இல்லை.

நம் நாட்டிலும், மைய அரசு 2022-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், பல கல்லூரி மாணவர்கள் வரைந்த சில்லுகள் ஒன்றுசேர்க்கப்பட்டு மொகாலியிலுள்ள அரசு ஆலையில் பதிக்கப்பட்டுள்ளன. மின்னணுவியல் பயிலும் பிள்ளைகளையுடைய அங்கத்தினர்கள், தம் பிள்ளைகளின் கல்லூரி இத்திட்டத்தில் சேர்ந்துள்ளதா என்று விசாரித்தறிதல் நலம்.