பத்து நிமிடம்

கரையோரத் தொழில்கள் – 9

வெள்ளிக்கிழமை பின்னிரவில் பாலாவிச் சந்தியில் நின்றால் அந்தத் தம்பியைக் காணலாம். தோளில் ஒரு பை. பைக்குள் மடித்து வைத்த சேர்ட் இரண்டு, கணிப்பான் ஒன்று, பொலித்தீன் உறை போட்ட தடித்த கொப்பி ஒன்று. புத்தளத்திலிருந்து வரும் கொழும்பு பஸ்ஸுக்காக நிற்கிறான். சிலாபம், நீர்கொழும்பு, கொழும்பு என்று போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, காலை வகுப்புக்கு இரத்மலானையில் இருக்க வேண்டும்.

திங்கள் முதல் வெள்ளி வரை பாலாவிப் பக்கத்துத் தொழிலகம் ஒன்றின் மின்பிரிவில் அவன் பயிலுநர். சனியும் ஞாயிறும் பல்கலைக்கழக மாணவன். தொழிற்கல்வி வழியாக வருகிறவர்களுக்கென்றே 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் அது. யூனிவோடெக் என்றால்தான் ஊரில் விளங்கும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு மன்னாரிலிருந்து இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை. கூட வேலை செய்யும் சிங்கள ஆட்கள் அவனைக் ‘கோலயா’ என்பார்கள், சீடன் என்று பொருள். அவனுடைய உம்மாவுக்கோ ‘கம்பஸ் போற புள்ள’. இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குப் பொருந்துவது நம் நாட்டில் இன்னமும் அரிது. அதனால்தான் இந்த வாரம் அவனைப் பற்றி எழுதுகிறேன்.

சென்ற கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு நாள். உவர் நீர் இறைக்கும் பம்ப் ஒன்றின் மோட்டார் இரண்டு மாதமாக ஓடாமல் கிடந்தது. மறுபடி ஓட்டுவதற்கு முன் அதன் காப்புத் தடையை அளக்க வேண்டும். சுருளைச் சுற்றியிருக்கும் காப்புப் பூச்சு மின்சாரத்தை வெளியே கசிய விடாமல் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று பார்க்கும் சோதனை அது. கருவிக்கு மெகர் என்று பெயர். மூத்த மின்னியலாளர், எல்லோருக்கும் நானா, மெகரைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். நான் அங்கே வேறு வேலையாகப் போனவன், நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு முனையைச் சுருளிலும் மறு முனையைச் சட்டகத்திலும் பிடித்து 500 வோல்ட் கொடுத்தான். முள் எழும்பி மூன்றில் நின்றது. மூன்று மெகா ஓம். உடனே கொப்பியைத் திறந்தான்.

“என்ன எழுதப் போறீங்க?”

“மூண்டு, நானா. ஒண்டுக்கு மேல இருந்தாக் காணும்தானே?”

“அவசரப்படாதீங்க தம்பி. ஒரு நிமிசம் நில்லுங்க. பொறகு பத்து நிமிசம் நில்லுங்க.”

ஒரு நிமிடத்தில் முள் எட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒன்பது நிமிடங்கள், மழை விட்ட புழுக்கத்தில், இரண்டு பேரும் பேசாமல் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பத்தாவது நிமிடம் முடியும்போது முள் ஒன்பதில். நானா தலையை ஆட்டினார்.

“ஈரம் குடிச்சிருக்கு. கழட்டுங்க.”

மூடியைக் கழற்றினால், சுருளின் வெளிமுனைகளில் வெண்ணிறமாய்ப் பூத்திருந்தது உப்பு. விரலால் தொட்டுத் தம்பியிடம் காட்டினார். இந்தக் கரையில் காற்றே உப்புச் சுமந்துதான் வருகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் பட்ட உப்பு மின்சாரத்தைக் கடத்தும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பெட்டிக்குள் வைத்துப் பல்ப் சூட்டில் இரண்டு நாள் காய வைத்தார்கள்.

இரத்மலானையில் அடுத்த சனிக்கிழமை நடந்ததைத் தம்பிதான் சொன்னான். விரிவுரையாளர் ‘போலரைசேஷன் இன்டெக்ஸ்’ என்று பலகையில் எழுதினார். பத்தாம் நிமிட அளவை ஒரு நிமிட அளவால் பிரிக்க வேண்டும். இரண்டுக்கு மேல் வந்தால் நல்லது, ஒன்றை ஒட்டி வந்தால் சுருளில் ஈரமோ அழுக்கோ இருக்கிறது. உலர்ந்த காப்புக்குள் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல மின்புலத்தின் பக்கம் திரும்புகின்றன. அவை திரும்பத் திரும்ப உள்ளே போகும் மின்னோட்டம் குறைகிறது, அதனால் முள் ஏறிக்கொண்டே போகும். ஈரம் இருந்தால் கசிவுதான் பெரிது. முள் நின்ற இடத்தில் நின்றுவிடும்.

“கொஞ்ச நேரம் ஒண்டும் வெளங்கல்ல சேர். இங்கிலீசில பொழிஞ்சிட்டே போனாரு. பொறகு பத்து நிமிசம் எண்ட சொல்லு வந்திச்சி. அப்பதான் மண்டையில அடிச்ச மாதிரி. இது நானா சொன்ன ஈரம் குடிச்ச மோட்டார்!”

ஒன்பதை எட்டால் பிரித்தால் ஒன்று தசம் ஒன்று. மேசையில் வைத்தே கணக்குப் போட்டிருக்கிறான்.

நாற்பது ஆண்டுக்கு மேல் தொழிற்பயிற்சியோடு கிடந்தவன் நான். பயிலுநர் முறையின் முழுப் பலனும் வகுப்பில் வந்த அந்த ஒரு கணத்தில் இருக்கிறது என்பேன். கை முதலில் அறிந்ததை அதே வாரத்தில் மூளை பெயர் சொல்லிப் பிடித்துக்கொள்கிறது. கை ஒரு வருடம் முந்தி, பாடம் ஒரு வருடம் பிந்தி வந்தால் இது நடக்காது. பட்டம் முழுக்க வகுப்பறையில் முடித்துவிட்டு ஆறு மாதம் தொழிலகத்தில் நிற்க வரும் பிள்ளைகளில் பலருக்கு மெகர் வெறும் பெட்டி. பத்தாம் வகுப்போடு பட்டறைக்கு வந்த நானாவுக்கு அது கண்போல. ஆனால் ஏன் பத்து நிமிடம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவருடைய பாஸ் பத்து நிமிடம் நின்றார், அதனால் அவரும் நின்றார்.

கையையும் பாடத்தையும் இணைக்கும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. 1959இல் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களைப் பராமரிக்க ஆள் தேடித்தான் ‘ஜேர்மன் டெக்’ பயிற்சி நிலையம் தொடங்கியது. 1971இல் 49ஆம் இலக்கச் சட்டம் தேசிய பயிலுநர் சபையைத் தந்தது. 1990இன் 20ஆம் இலக்கச் சட்டத்தோடு அது இன்று நாம் நைட்டா என்று சொல்லும் அதிகாரசபை ஆனது. பிறகு என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமை ஏணி வந்தது, ஏழு படி: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். பட்டறையில் தொடங்கி, பட்டறையை விடாமலே, பட்டம் வரை ஏறலாம் என்று காகிதத்தில் முதன்முதலாகச் சொன்ன ஏணி அது. படிக்காமலே தொழில் கற்றவருக்கும் அதில் இடம் உண்டு. கற்பிட்டியில் போட் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் ஒருவர், தன் வேலையைச் செய்து காட்டி, அதற்கே சான்றிதழ் பெறலாம். இந்தக் கரையில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. மீனவர் சங்கங்களும் பள்ளிவாசல்களும் கோயில் சபைகளும் இதை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஏணி இருக்கிறது. அதன் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள். கற்பிட்டிக் குடாநாட்டுப் பிள்ளை ஐந்தாம் படிக்கு ஏற, தொழினுட்பவியல் கல்லூரி தேடிக் குருநாகலுக்குப் போக வேண்டும், புத்தளத்திலிருந்து 80 கிலோமீற்றருக்கு மேல். ஏழாம் படி இரத்மலானையில். நம் தம்பி வாரம் ஒன்றுக்குப் போக வர ஏறத்தாழ 270 கிலோமீற்றர் பஸ்ஸில் இருக்கிறான். ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை தொழிலகத்தில் கைரேகை வைக்க வேண்டும். அவனோடு நான்காம் படி முடித்தவர்களில் மூன்று பேர் அதோடு நின்றுவிட்டார்கள். ஒருவன் கட்டாரில். மற்றவர்கள் இங்கேதான், வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் மோட்டார் திருத்துகிறார்கள். மூவரும் கெட்டிக்காரர்கள், எனக்குத் தெரியும்.

இயந்திரம் இல்லாத கரையா இது? நுரைச்சோலையில் 300 மெகாவாட் அலகுகள் மூன்று, முதலாவது 2011இல், மற்ற இரண்டும் 2014இல் ஓடத் தொடங்கியவை. நாட்டின் ஒரே நிலக்கரி மின்நிலையம். மாம்புரியில் 2010இலிருந்து காற்றாலை சுழல்கிறது. பாலாவியில் அருவாக்காட்டுச் சுண்ணக்கல்லை அரைக்கும் சீமெந்து ஆலை. உப்பளங்கள். களப்போரம் நெடுக இறால் பண்ணைகள், இரவெல்லாம் தண்ணீரை அடித்துக் காற்றூட்டும் துடுப்புச் சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். கற்றுக்கொள்ள இவ்வளவு பொருள் கண்ணெதிரே இருக்க, அதைப் பற்றிய பாடம் மட்டும் 135 கிலோமீற்றர் தள்ளி நடக்கிறது.

பிரித்தானியாவில் 2015இல் தொடங்கிய பட்டப் பயிலுநர் முறையில் ஒரு விதி இருந்தது. பயிலுநருக்குச் சம்பளம் உண்டு. அந்தச் சம்பள நேரத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு படிப்புக்கு ஒதுக்கப்பட்டது. வாரத்தில் ஒரு வேலைநாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஜேர்மனியில் தொழில் பயிலும் பிள்ளைகள் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளியிலும் மற்ற நாள் தொழிலகத்திலும் இருப்பது பல தலைமுறை வழக்கம். எங்கள் தம்பிக்கு அந்த ஒரு நாள் இல்லை. ஓய்வு நாளைக் கொடுத்துத்தான் அவன் படிப்பை வாங்குகிறான். இங்கே உள்ள பெரிய தொழிலகங்கள் ஆளுக்கொரு நாள் விட்டுக் கொடுத்து, புத்தளத்தில் ஏற்கெனவே உள்ள பயிற்சி நிலையம் ஒன்றில் அந்த வகுப்பை நடத்த இடம் கொடுத்தால், விரிவுரையாளர் ஒருவர் பஸ் ஏறினால் போதும். முப்பது பிள்ளைகள் ஏற வேண்டியதில்லை.

மொழியையும் சொல்லியாக வேண்டும். உயர்தரத்தில் தொழினுட்பவியல் பிரிவு 2013இல் வந்தது, முதல் பரீட்சை 2015இல். தமிழ் மொழியிலேயே பொறியியல் தொழினுட்பவியல் படித்து எழுதிய பிள்ளைகள் வந்தார்கள். நான் மனம் நிறைந்த நாள்களில் அதுவும் ஒன்று. ஆனால் அடுத்த படியில் விரிவுரை ஆங்கிலம், பட்டறையில் கட்டளை சிங்களம், நானா கிடைத்தால் மட்டும் தமிழ். தம்பி மூன்றையும் சமாளிக்கிறான். தன் கொப்பியில் வலப்பக்கம் ஆங்கிலம், இடப்பக்கம் நானாவின் சொற்கள் என்று இரண்டு பத்தி போட்டிருக்கிறான். ‘ஈரம் குடித்தல்’ அங்கே இடப்பக்கம் இருக்கிறது. ‘முள் படுத்திட்டு’, ‘பேஸ் ஒண்டு செத்திட்டு’, ‘பெயாரிங் அழுவுது’ எல்லாம் இருக்கின்றன. இப்படியொரு கொப்பியை ஒவ்வொரு பயிலுநருக்கும் அச்சடித்தே கொடுக்கலாம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுதும் மின்சாரம் போனது நினைவிருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று பட்டது என்றார்கள். நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன, அடுத்த நாள்களில் ஒன்றரை மணி நேர வெட்டு. தம்பி அடுத்த முறை சந்தியில் கண்டதும் கேட்டான்: “பாணந்துறையில கொரங்கு பாஞ்சா நுரைச்சோல ஏன் சேர் விழுது?” ஞாயிறு பகலில் பாவனை குறைவு, கூரைகளில் சூரிய மின்சாரம் அதிகம், சுழலும் கனத்த இயந்திரங்கள் சில மட்டுமே கட்டமைப்பைத் தாங்கி நிற்கின்றன, திடீர் அதிர்ச்சியில் அதிர்வெண் சரிந்தால் பிடித்து நிறுத்தக் கனம் போதாது என்று பஸ் வரும் வரை விளக்கினேன். பஸ் வந்தும் ஏறாமல் இன்னொரு கேள்வி கேட்டான். அடுத்த பஸ்ஸில்தான் போனான்.

நைட்டாவின் பயிலுநர் கொப்பியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. அன்றன்று செய்த வேலையை எழுதி, வாரந்தோறும் படம் வரைந்து, மேற்பார்வையாளரிடம் ஒப்பம் வாங்க வேண்டும். 1979இல் நான் ஒரு தொழிலகத்தில் பயிலுநராக இருந்தபோது எட்டு வாரத்தை ஒரே இரவில் எழுதினேன். பாதி பொய். காலையில் கொண்டுபோய் நீட்டினேன். மேற்பார்வையாளர் பக்கம் புரட்டாமல் எட்டு ஒப்பமும் வைத்தார். அன்று எனக்கு நிம்மதி. பிறகு போதனாசிரியராகப் பிள்ளைகள் முன் நின்று, ஒரு மோட்டார் ஏன் சூடாகிறது என்று சொல்லத் தெரியாமல் தவித்தபோதுதான் அந்த எட்டு வாரத்தின் விலை தெரிந்தது. பொய் எழுதியது என் குற்றம். வாசிக்காமல் ஒப்பம் வைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மோட்டார் காய்ந்த மூன்றாம் நாள் மறுபடி அளந்தார்கள். ஒரு நிமிடத்தில் 60. பத்து நிமிடத்தில் 150. இரண்டரை என்று தம்பி கத்தியே விட்டான். கொப்பியில் அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, கீழே வரைபடமும் போட்டு, நானாவிடம் நீட்டினான். நானாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பேனையைக் கையில் வாங்கினார், மூடியைத் திறக்கவில்லை.

“தமிழ்ல சொல்லுங்க கேப்பம்.”

வரிக்கு வரி சொன்னான். அளவு, நேரம், உப்பு, கழுவியது, காய வைத்தது, மறு அளவு. நானா கேட்டுக்கொண்டே மோட்டாரைச் சுற்றி வந்தார். முனைப்பெட்டி மூடியைத் தூக்கி, கிழிந்துபோயிருந்த ரப்பர் வளையத்தை இழுத்து எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“இது வழியாத்தான் மழ உள்ள போச்சி. இத நீங்க எழுதல்ல. எழுதிட்டுக் கொண்டு வாங்க, ஒப்பம் வைக்கிறன்.”

தம்பி அந்த வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டாருக்குப் பக்கத்திலேயே குந்தி எழுதத் தொடங்கினான்.

(தொடரும்)