தழும்பும் சான்றிதழும்: ஊசி மறுப்பவரை ஒதுக்குவது குறித்துச் சில குறிப்புகள்

2021 டிசம்பர் தொடக்கத்தில் மதுரை மாவட்ட நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கோவிட் தடுப்பூசி ஒரு தவணைகூடப் போட்டுக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வாரம் கெடு. அதற்குப் பிறகு 18 வகைப் பொது இடங்களில் அவர்களுக்கு அனுமதி கிடையாது. ரேஷன் கடை, சூப்பர் மார்க்கெட், திரையரங்கு, கல்யாண மண்டபம், ஷாப்பிங் மால், ஜவுளிக்கடை, வங்கி, மதுக்கடை என்று போகிறது பட்டியல். இதற்கு முந்தைய மாதம்தான் மாநிலப் பொதுசுகாதாரத் துறை, 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுசுகாதாரச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்து, பொது இடங்களுக்கு வருகிறவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. 2022 ஜனவரி 10 முதல் சென்னைப் புறநகர் ரயிலில் ஏறவும் இரண்டு தவணைக்கான சான்றிதழ் கேட்டார்கள்.

இந்த மதுரைப் பட்டியலை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். ஷாப்பிங் மாலும் ரேஷன் கடையும் ஒரே வரியில், ஒரு காற்புள்ளி இடைவெளியில் நிற்கின்றன. மாலுக்குப் போகாமல் இருந்தால் ஒருவருக்கு ஒரு சாயங்காலம் போகும். ரேஷன் கடைக்குப் போகாமல் இருந்தால் மாச அரிசி போகும். நிர்வாக மொழிக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே தெரியும். ரேஷன் கடை பட்டியலில் இடம்பெறுவது அங்கே கிருமி அதிகம் என்பதற்காக இல்லை, அங்கேதான் பிடி இறுகும் என்பதற்காக. மறுப்பவரைப் பொதுவாழ்விலிருந்து தள்ளிவைக்கலாமா என்கிற கேள்வியை நாம் வழக்கமாக அறம் சார்ந்த கேள்வியாகவே பேசுகிறோம். இது பட்டியல் சார்ந்த கேள்வியும்கூட. எந்த இடம், எந்த நோய், எந்த ஊசி, யாருடைய கை என்று கேட்காமல் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்வதில் அர்த்தமில்லை.

நம் நண்பர்கள் இதில் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். பகுத்தறிவு அணி: ஊசி மறுப்பு மூடநம்பிக்கை, மூடநம்பிக்கைக்குச் சலுகை கிடையாது. இன்னொரு அணி: உடல் என்னுடையது, அரசதிகாரம் தோலுக்குள் நுழையக் கூடாது. இரண்டு பேரிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது.

இரண்டாவது அணியிலிருந்து தொடங்குகிறேன், அவர்கள்தான் நமது பரிபாஷையில் பேசுகிறவர்கள். ஃபூக்கோ பெயரை அவர்கள் எடுக்காத நாளில்லை. ஃபூக்கோ 1978 ஜனவரியில் ஆற்றிய கல்லூரி உரைகளில் மூன்று நோய்களை வைத்து மூன்று அதிகார முறைகளைப் பிரித்துக் காட்டுகிறார். குஷ்டரோகியை ஊருக்கு வெளியே தள்ளுவது ஒன்று. பிளேக் வந்த ஊரைத் தெருத்தெருவாகக் கட்டம் போட்டு, வீட்டுக்குள் அடைத்து, தினமும் எண்ணிப் பார்ப்பது இரண்டாவது. அம்மைக்கு ஊசி குத்துவது மூன்றாவது. இதில் யாரையும் வெளியே தள்ளுவதுமில்லை, அடைப்பதுமில்லை. எத்தனை பேருக்கு வரும், எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போட்டு, மக்கள்தொகை முழுவதையும் ஓர் அளவுக்குள் வைத்திருப்பதுதான் வேலை. அப்படியென்றால் ஊசி போடாதவரை வாசலில் நிறுத்துவது என்ன? மூன்றாவது முறையின் தோல்வியை முதலாவது முறையால் ஒட்டுப்போடுவது. கணக்கு எட்டாத இடத்தில் அரசு மறுபடியும் குஷ்டரோகியைக் கண்டுபிடிக்கிறது. ஃபூக்கோவை இந்த அளவுக்குத்தான் என்னால் இங்கே பயன்படுத்த முடிகிறது. ‘ஆகவே ஊசியே கூடாது’ என்பது அவரிடமில்லை.

அகம்பென் விஷயம் வேறு. இத்தாலியில் 2021 அக்டோபர் 15 முதல் வேலைக்குப் போகவே ‘கிரீன் பாஸ்’ கட்டாயமானது. அதற்கு முன்பிருந்தே அவர் கடுமையாக எதிர்த்தார். அவர் எழுத்தை வாசித்துவிட்டு இங்கே சிலர், ஊசி போடாதவர்தான் இன்றைய தீண்டத்தகாதவர் என்று பேசத் தொடங்கினார்கள். இதைக் கேட்கும்போது எரிச்சல்தான் வருகிறது. தீண்டாமை பிறப்பில் ஒட்டப்படுவது, ஒரு நாள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அதைக் கழற்றிவிட்டு வர முடியாது. 1924இல் வைக்கத்தில் நடந்தது கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கான போராட்டம். டீக்கடையில் இரட்டைக் குவளை நம் காலம்வரை வந்தது. ‘பொது’ என்கிற சொல் நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. அடிவாங்கி வாங்கியது. அந்தச் சொல்லை மால் வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவரின் கோபத்துக்கு அவ்வளவு சுலபமாகக் கைமாற்றிக் கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் அடிவாங்கி வாங்கிய இடத்தில் நுழைய மறுபடியும் ஒரு சீட்டு கேட்டால், ‘ஏன்?’ என்று கேட்கிற உரிமையும் அதே வரலாற்றிலிருந்துதான் வருகிறது.

இனி பகுத்தறிவு அணி. மறுப்பு என்றால் அறியாமை என்கிற அவர்களுடைய சமன்பாடு வரலாற்றில் நிற்காது. இங்கிலாந்தில் 1853இல் குழந்தைகளுக்கு அம்மைப்பால் குத்துவது கட்டாயமானது, 1867இல் அபராதத்தைத் திரும்பத்திரும்ப விதிக்க வழி செய்தார்கள். வசதி உள்ளவர் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போனார். தொழிலாளி வீட்டில் மேசை நாற்காலி ஏலத்துக்குப் போனது. ஏழைகள் விடுதிகளை நடத்திய அதே நிர்வாகத்திடம்தான் ஊசி வேலையும் இருந்தது என்பதால், ஊசி என்றாலே அவமானம் என்கிற வாடையும் ஒட்டிக்கொண்டது. 1885 மார்ச்சில் லெஸ்டர் நகரில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். 1898இல் சட்டம் இறங்கிவந்து, மனசாட்சியின்பேரில் மறுக்கிறவருக்கு விலக்குத் தந்தது. முதல் உலகப்போரில் துப்பாக்கி தூக்க மறுத்தவர்களைக் குறித்த அந்த ஆங்கிலத் தொடர், சட்டத்துக்குள் நுழைந்தது ஊசியின் வழியாகத்தான். லெஸ்டர்காரர்கள் அம்மையை அப்படியே விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நோய் வந்த வீட்டை உடனே தெரிவிப்பது, தனிமைப்படுத்துவது, உடனிருந்தவர்களைக் கண்காணிப்பது என்று வேறொரு ஏற்பாடு செய்தார்கள். பிற்காலத்தில் உலகளாவிய ஒழிப்பு இயக்கம், ஊசியோடு சேர்த்து இதேபோன்ற வழியில்தான் வெற்றி பெற்றது.

அமெரிக்காவில் 1905இல் ஜேக்கப்சன் வழக்கு. மாசசூசெட்ஸில் அம்மை ஊசி மறுத்த பாதிரியாருக்கு விதித்த 5 டாலர் அபராதம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். பலர் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், நான் 1927 வரைக்கும் போக வேண்டும் என்கிறேன். ‘மனவளர்ச்சி குன்றியவள்’ என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாமா என்ற பக் எதிர் பெல் வழக்கில், நீதிபதி ஹோம்ஸ் ஜேக்கப்சன் தீர்ப்பைத்தான் துணைக்கு அழைத்தார். ஊசிக்குச் செல்லுபடியாகிற தத்துவம் கருக்குழாயை வெட்டவும் செல்லுபடியாகும் என்பது அவர் வாதம். ஐந்து டாலர் அபராதம் 22 வருஷத்தில் எங்கே வந்து நின்றது பாருங்கள்.

இதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை என்பது நமக்குத் தெரியும். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், இந்த நாட்டில் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன. எல்லோரையும் போலீஸ் வேன் ஏற்றிக்கொண்டு போகவில்லை. பல இடங்களில் சான்றிதழ் போதுமானதாக இருந்தது. சான்றிதழ் இருந்தால் சம்பளம், லைசென்ஸ், ரேஷன், மனைப்பட்டா. இல்லையென்றால் இழுத்தடிப்பு. மதுரைப் பட்டியலில் ரேஷன் கடையைப் பார்த்ததும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இதுதான். நோக்கம் வேறு, காலம் வேறு, ஊசி என்பது கருத்தடை ஆகாது, எல்லாம் சரிதான். ஆனால் நிர்வாகத்தின் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டால் அது மறப்பதில்லை.

மக்களும் மறப்பதில்லை. 2002இல் மேற்கு உத்தரப்பிரதேசத்தில் போலியோ மறுபடி தலைதூக்கியபோது, சொட்டு மருந்தில் மலடாக்கும் மருந்து கலந்திருக்கிறது என்ற வதந்தி முஸ்லிம் குடியிருப்புகளில் பரவியிருந்தது. கேட்பதற்கு அபத்தம். ஆனால் கால் நூற்றாண்டுக்கு முன்னால் அதே அரசு, அதே மாதிரி வீட்டு வாசலுக்கு வந்து, என்ன செய்தது என்பது ஞாபகத்தில் இருப்பவருக்கு அது அபத்தமில்லை. சில இடங்களில் மிரட்டலும் நடந்தது. மாற்றியது மிரட்டல் அல்ல. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் மௌலவிகளும் அந்தந்தத் தெருப் பெண்களும் வீடுவீடாகப் போய்ப் பேசினார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ நோயாளி இல்லை.

அம்மை ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில், 1970களின் நடுவில், இன்றைய ஜார்க்கண்டின் சிங்பூம் பகுதியில் நடந்த ஒரு சம்பவத்தை உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவர் லாரி பிரில்லியண்ட்டும் அவர் மனைவியும் பின்னர் எழுதியிருக்கிறார்கள். நள்ளிரவில் கதவை உடைத்துக்கொண்டு ஒரு ஹோ பழங்குடித் தலைவரின் வீட்டுக்குள் ஊசிக்குழு நுழைகிறது. அவர் போராடுகிறார், மனைவி ஒரு மருத்துவரைக் கடிக்கிறாள். எல்லோருக்கும் பலவந்தமாகக் குத்தி முடிகிறது. பிறகு அந்த மனிதர் தன் தோட்டத்துக் கொடியில் மிச்சமிருந்த ஒரே வெள்ளரிக்காயைப் பறித்து வந்து, கடிபட்ட அந்த மருத்துவரிடம் நீட்டுகிறார். எதிர்ப்பது என் தர்மம், செய்து முடித்தேன், இப்போது நீங்கள் என் வீட்டு விருந்தாளி என்கிற மாதிரி. இந்தக் காட்சியை ஒழிப்பு இயக்கத்தின் வெற்றிக் கதையாகவும் படிக்கலாம், ஏனென்றால் அம்மை போனது உண்மை, லட்சக்கணக்கான உயிர் மிஞ்சியது உண்மை. என் பாட்டியின் இடது புஜத்தில் இருந்த தழும்பும் உண்மை. ஆனால் அந்த வெள்ளரிக்காய்க்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடமில்லை. அறியாமைக்காரர் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அந்த அறையில் அவர் ஒருவர்தான் தெளிவான அறத்தோடு நடந்துகொண்டவர்.

சரி, 2021க்கு வருவோம். தமிழ்நாட்டில் மறுத்தவர்கள் யார், ஏன்? நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று அரசு மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் ஊசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று மத்திய ஆய்வுக்குழுவின் முடிவு வந்தது அக்டோபரில். நடுவில் ஆறு மாசம். அந்த ஆறு மாசத்தை டீக்கடைதான் நிரப்பியது. கோவின் தளம் முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஜூனில் இந்திய மொழிகளைச் சேர்த்தபோது முதல் பட்டியலில் தமிழ் விடுபட்டு, சத்தம் போட்ட பிறகு சேர்ந்தது. தனியார் மருத்துவமனையில் கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1410 ரூபாய் வரை. செங்கல்பட்டில் பல நூறு கோடி செலவில் பொதுத்துறை கட்டிய தடுப்பூசி வளாகம் அந்த நேரத்தில் உற்பத்தியில்லாமல் சும்மா கிடந்தது. மே மாதம் ஊசி கேட்டு வரிசையில் நின்று திரும்பியவரிடம் டிசம்பரில் ‘ஏன் போடவில்லை’ என்று வாசலில் கேட்கிறார்கள்.

இதைவிட முக்கியமான சங்கதி ஊசியின் தன்மை. பிறருக்குத் தொற்றும் என்பதுதான் ஒருவரைத் தடுப்பதற்கான நியாயம். கோவிட் ஊசி தீவிர நோயையும் சாவையும் பெரிய அளவில் குறைத்தது, இதில் எனக்குச் சந்தேகமில்லை. பரவலை அது அந்த அளவுக்குத் தடுக்கவில்லை. ஓமிக்ரான் வந்தபோது இரண்டு ஊசி போட்டவரும் வாங்கினார், கொடுத்தார். 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது, பொதுநலன் கருதி வரம்புக்குட்பட்ட கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் போடாதவர் மூலம் பரவல் அதிகம் என்பதற்கான தரவை மாநிலங்கள் காட்டவில்லை, ஆகவே அன்றைய நிலையில் அந்தத் தடைகள் அளவுக்கு மீறியவை. தமிழ்நாடும் அந்த வழக்கில் தடைகளை ஆதரித்து வாதாடியது.

தட்டம்மையை எடுத்துக்கொண்டால் நான் வேறு பதில் சொல்வேன். அதன் ஊசி பரவலையே தடுக்கிறது. ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுக்கக்கூடிய நோய் அது. நூற்றுக்கு 95 பேராவது போட்டிருந்தால்தான் மற்றவருக்குப் பாதுகாப்பு. முதல் தவணை ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான் என்பதால் அதற்கு முந்தைய கைக்குழந்தைக்கு மற்றவர்களுடைய புஜங்கள்தான் அரண். குழந்தைகள் வார்டில் வேலை செய்கிற செவிலியரோ மருத்துவரோ இந்த ஊசியை மறுத்தால், அவரை அந்த வார்டிலிருந்து மாற்றலாம், மாற்ற வேண்டும் என்பதே என் கட்சி. ‘என் உடல்’ என்கிற வாக்கியம் அந்தத் தொட்டிலுக்கு முன்னால் முடிந்துபோகிறது. சம்பளத்தில் கை வைக்கக் கூடாது, வேறு இடத்தில் வேலை கொடுக்க வேண்டும். நோய் பரவும் வாரங்களில் பள்ளிக்கூடத்தில் ஊசி போடாத பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்வதும் நியாயம். வருஷம் முழுக்கச் சேர்க்கை மறுப்பது நியாயமில்லை, தகப்பனின் பிடிவாதத்துக்குப் பிள்ளையின் படிப்பை அபராதமாக வாங்கக் கூடாது. ரேஷன், குடிதண்ணீர், நூறுநாள் வேலை, ஆஸ்பத்திரிப் படுக்கை, வாக்குச்சாவடி: இந்த வாசல்களில் எந்தச் சான்றிதழும் எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது.

ஊசியால் கெடுதல் நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 2022 நவம்பரில், கோவிட் ஊசிக்குப் பிறகு இறந்த இரண்டு இளம்பெண்களின் பெற்றோர் தொடுத்த வழக்கில், ஒன்றிய அரசு தனக்குப் பொறுப்பில்லை என்றது. வேண்டுமானால் சிவில் வழக்குப் போடலாம், ஊசி தன்விருப்பத்தின்பேரில் போட்டுக்கொண்டதுதானே என்றது. ரயிலில் ஏறும்போது கட்டாயம், இழப்பீடு கேட்கும்போது தன்விருப்பம். இரண்டில் ஒன்றைத்தான் அரசு வைத்துக்கொள்ள முடியும்.

மதுரை அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்பு நடந்ததையும் இங்கே குறித்துவைக்கிறேன். 2021 செப்டம்பர் 12இலிருந்து தமிழ்நாட்டில் ஞாயிறுதோறும் மெகா தடுப்பூசி முகாம் நடந்துகொண்டிருந்தது. ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைந்தது. சுகாதாரத் துறை யாரையும் மூடர் என்று திட்டவில்லை, யாருடைய ரேஷன் கார்டையும் தேடவில்லை. அக்டோபர் 23 முதல் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது.