இது என்ன பறவை?

குட்டீஸ், கோடை விடுமுறைக்கு ஊட்டி போகிறீர்களா? ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். சமவெளியில் பார்க்காத பறவைகள் அங்கே உண்டு. பெயர் தெரியாவிட்டால் என்ன? தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள்!

முதலில் அளவு. சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காகம் அளவா? பிறகு அலகு, வால், நிறம், குரல்.

நம் தோட்டத்துச் சின்னானுக்குக் கறுப்புத் தலை, வாலடியில் சிவப்பு. ஊட்டியில் அதே அளவில், வாலடியில் அதே சிவப்போடு ஒரு பறவை வரும். ஆனால் கொண்டை கூராக நிற்கும்; கன்னத்தில் சிவப்புப் பொட்டு இருக்கும். அதுதான் செம்மீசைச் சின்னான். இளம் பறவைக்கு அந்தப் பொட்டு இருக்காது!

ஓடைப் பக்கம் ஒரு பையன் விசிலடிப்பது போல் கேட்கிறதா? அது சீகாரப் பூங்குருவி. நிழலில் கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டால் நீலமாக மின்னும். அவசரப்பட்டு 'கறுப்பு' என்று எழுதினால் ஏமாந்து போவீர்கள்!

பார்த்ததை உடனே எழுதுங்கள். பறவைப் புத்தகத்தை அப்புறம் திறங்கள். படத்தை முதலில் பார்த்தால், காணாததையும் கண்டதாகத் தோன்றும். கண்டுபிடிக்க முடியவில்லையா? 'பெயர் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். தப்பான பெயரைவிட அது மேல்.

கூட்டைக் கண்டால் மட்டும் கிட்டே போகாதீர்கள். பல பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம் இது!