குப்பை மலைக்குப் போகும் ஆட்டுத் தீவனம்

புதுதில்லி: தலைநகரின் கிழக்கு எல்லையில் உள்ள காஜிப்பூரில் மூன்று காட்சிகளை அடுத்தடுத்துக் காணலாம். ஒன்று, காய்கனி மொத்தச் சந்தை. மற்றொன்று, பழைய ஈத்காவிலிருந்து 2009-இல் இங்கு மாற்றப்பட்ட இறைச்சிக் கூடம். மூன்றாவது, 1984 முதல் கழிவுகள் கொட்டப்பட்டு உருவான குப்பை மலை. 2017 செப்டம்பரில் அந்த மலை சரிந்து இருவர் உயிரிழந்தனர். 2019-இல் அதன் உயரம் சுமார் 65 மீட்டரை எட்டியிருந்தது.

பெருநகரச் சந்தைகளில் மிஞ்சும் முட்டைக்கோஸ் இலையும் பட்டாணித் தோலும் பெரும்பாலும் இத்தகைய மலைகளுக்கே போய்ச் சேருகின்றன. தீவனம் வாங்க வழியின்றி உரிய எடைக்கு முன்பே விற்கப்பட்ட ஆடுகளோ இறைச்சிக் கூடங்களுக்கு வருகின்றன. இவ்விரண்டையும் இணைக்க வழியில்லையா என்பதே கேள்வி.

மேய்ச்சல் நிலம் எங்கே?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 7.43 கோடி செம்மறியாடுகள் இருந்தன. 2012-ஐ விட இது 14 சதவீதம் அதிகம். 1.91 கோடி ஆடுகளுடன் தெலங்கானா முதலிடம் பிடித்தது. அம்மாநில அரசு 2017-இல் 75 சதவீத மானியத்தில் 20 பெட்டை ஆடுகளும் ஒரு கிடாவும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது.

ஆடுகள் பெருகின, புல்வெளி பெருகவில்லை. நாட்டின் நிலப்பரப்பில் நிரந்தர மேய்ச்சல் நிலம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. கிராமப் பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பசுந்தீவனத்தில் 35.6 சதவீதமும் அடர்தீவனத்தில் 44 சதவீதமும் பற்றாக்குறை என்று ஜான்சியில் உள்ள இந்திய புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிலையத்தின் ‘தொலைநோக்கு 2050’ ஆவணம் கணக்கிட்டது.

கால்நடை வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. பால் மறந்த மூன்று மாதக் குட்டியை மேலும் மூன்று மாதம் நன்றாக ஊட்டி வளர்த்தால் நல்ல எடையுடன் விற்கலாம். அந்த மூன்று மாதத்தைத் தாங்கும் பணம் நிலமற்ற ஆட்டுக்காரரிடம் இருப்பதில்லை. அவர் குட்டியை மெலிந்த நிலையிலேயே தரகரிடம் கொடுத்துவிடுகிறார். கொழுக்க வைக்கும் லாபம் வேறொருவருக்குப் போகிறது.

எது தீவனம், எது நஞ்சு?

மறுபுறம், 2022-இல் இந்திய வீடுகளில் ஆளுக்கு 55 கிலோ வீதம் சுமார் 7.8 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் மதிப்பிட்டது. சந்தைக் கழிவும் விருந்துக் கழிவும் இதில் சேராதவை.

பட்டாணித் தோல், பூக்கோஸ் இலை போன்றவை அசைபோடும் கால்நடைகளுக்கு ஏற்ற தீவனம் என்பதை லூதியானா கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதி, ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2013-இல் வெளியிட்ட நூல் எடுத்துரைக்கிறது. ஈரம் மிகுந்த இக்கழிவுடன் வைக்கோலைக் கலந்து, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் ஊறுகாய்ப் புல்லாகப் பதப்படும். பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிலையம் அன்னாசிப் பழக் கழிவையும் இவ்வாறே தீவனமாக்கிக் காட்டியுள்ளது.

ஆனால், மிஞ்சியதெல்லாம் தீவனமல்ல. விருந்தில் மீந்த சோறு, பூரி, இனிப்பு ஆகியவற்றை ஒரே நாளில் அளவின்றிக் கொடுத்தால் ஆட்டின் முதல் இரைப்பையில் அமிலம் பெருகும். ஓரிரு நாளில் ஆடு மடியக்கூடும். திடீரெனக் கொழுக்க ஊட்டப்படும் குட்டிகளைத் துள்ளுமாரி நோயும் தாக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு. புதிய தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். வைக்கோலோ புல்லோ உடன் இருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த ரொட்டியையும் இறைச்சி கலந்த எச்சிலையும் அறவே தவிர்க்க வேண்டும். 2001-இல் பிரிட்டனில் கோமாரி பரவி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குக் கொடுத்த ஒரு பண்ணையிலிருந்தே அந்நோய் தொடங்கியதாக விசாரணையில் தெரியவந்தது.

பிரித்தால் தீவனம், கலந்தால் குப்பை

இவை அனைத்திலும் பெரிய எதிரி பிளாஸ்டிக். உணவு எச்சம் பையோடு சேர்ந்து தொட்டிக்குள் விழுந்த கணத்திலேயே அது தீவனமாகும் தகுதியை இழக்கிறது. குப்பையை ஈரக்கழிவு, உலர்கழிவு, அபாயக்கழிவு என உருவாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. ஈரக்கழிவுக்குக் கம்போஸ்ட் உரத்தையும் உயிரிவாயுவையும் அவை முன்னிறுத்தின. மாநகராட்சிகளோ குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளை நாடின. ஈரம் மிகுந்த இந்தியக் குப்பை எளிதில் எரிவதில்லை.

எரிப்பதற்கும் உரமாக்குவதற்கும் முன் உண்ணத் தக்கதை உண்ணக் கொடுப்பதே முறை. இதற்குப் பெரிய ஆலை தேவையில்லை. ஒவ்வொரு மொத்தச் சந்தையிலும் காலை ஏலம் முடிந்தவுடன் இலை, தோல்களைத் தனியே சேர்க்க ஓர் இடம், அதைச் சோதிக்க ஒரு கால்நடை உதவியாளர், நகர்ப்புற ஆட்டுக்காரர் கூட்டுறவுகளுக்கு அதைப் பெறும் உரிமை, இவை போதும்.

கடைசியாகச் சொன்ன உரிமையை எழுத்தில் வைப்பது முக்கியம். இன்று யாரும் சீண்டாத கழிவு, நாளை விலை பெற்றால் அதற்கும் குத்தகைதாரர் முளைப்பார். மேய்ச்சல் நிலத்தை இழந்த ஆட்டுக்காரர் சந்தையின் பட்டாணித் தோலையும் இழக்காமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு.