வைகைக்கரை மேடைகள் – 9
சமவெளிக்கு இறங்கிவந்த வள்ளி

சோழவந்தானைச் சுற்றி நெல்வயல், தென்னந்தோப்பு, வெற்றிலைக் கொடிக்கால். மலை என்றால் தூரத்தில் தெரியும் சிறுமலையும் நாகமலையும்தான். ஆனால் இந்தச் சமவெளிக்காரர்கள் திருவிழா வந்தால் ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பார்ப்பது ஒரு மலைக்கதை. தினைப்புனம் காக்கும் குறமகளைத் தேடி முருகன் வேலனாக, வேடனாக, விருத்தனாக வரும் ‘வள்ளி திருமணம்’. மதுரை வட்டாரத்தில் இந்த நாடகம் போடாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918இல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’வைத் தொடங்கிச் சிறுவர்களை நடிகர்களாக்கினார், டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். 1922இல் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார். நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, வள்ளி திருமணம் ஆகியவை மட்டும் கலையவில்லை.

காரணம், ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற ஏற்பாடு. இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். வெற்றிலை பாக்கோடு முன்பணம் வாங்கி, டைரியில் தேதி குறித்துக்கொண்டு, அன்று ராத்திரி மேடையில்தான் ஒன்றுகூடுவார்கள். பாடமும் பாட்டு வரிசையும் எல்லோருக்கும் பொது. மிச்சமெல்லாம் அவரவர் சாமர்த்தியம். இந்தக் கலைஞர்களுக்காக மதுரையில் உள்ள நாடக நடிகர் சங்கம் 1923இல் பிறந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் பெயர்பெற்றவர்களின் டைரியில் காலித் தேதி கிடைப்பது அபூர்வம்.

செலவு ஊருடையது. தலைக்கட்டு வரி பிரித்தோ, நேர்த்திக்கடனாக ஒருவர் ஏற்றுக்கொண்டோ நாடகம் வைப்பார்கள். பார்ப்பவருக்கு டிக்கெட் இல்லை. பாயும் போர்வையும் போதும்.

ராத்திரி பத்து மணி வாக்கில் ஆர்மோனியம் எழும். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், பக்கத்தில் ‘ஆல்ரவுண்டு’. தாளம் தட்டுவது, அடி விழும்போது டமாரென்று ஓசை கொடுப்பது, யானை வந்தால் மிரட்டுவது எல்லாம் அந்த ஆல்ரவுண்டுக்காரர் பொறுப்பு. முதலில் பபூனும் டான்ஸும். அந்தக் கலகலப்பில் இளவட்டங்கள் விசிலடிக்க, பிள்ளைகள் தூங்கிவிடும். கதை சூடு பிடிப்பது நடுச்சாமத்துக்கு மேல்தான். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால் மணிக்கணக்கில் ஓடும். நாரதர் கேள்வி போட, வள்ளி பாட்டிலும் வசனத்திலும் மடக்க, ஊர்ப் பெரியவர்கள் ‘சரியான போடு’ என்று தலையாட்டுவார்கள். முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்ளாத சண்டை என்பதால், ஒரே நாடகத்தைப் பல வருஷம் பார்த்தவரும் எழுந்து போகமாட்டார்.

இந்த வளமான மண்ணில் விளைந்தவர் டி.ஆர். மகாலிங்கம். சோழவந்தானுக்கு எதிரே, வைகையின் தென்கரையில், தென்கரை என்றே பெயர்பெற்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே மேடையேறினார். மைக் இல்லாத காலத்து மேடை மேல்சுருதிக் குரலைக் கேட்டது. கடைசி வரிசைப் பாய் வரைக்கும் பாட்டு எட்ட வேண்டும். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா வளர்த்துவிட்ட அந்தப் பாணியில் மகாலிங்கமும் பாடினார். 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில் சிறுவன் கிருஷ்ணனாக வந்தவர், 1945இல் ஏ.வி. மெய்யப்பனின் ‘ஸ்ரீவள்ளி’யில் முருகனானார். கிராமத்து மேடையின் மலைக்கதை அப்படியே திரைக்கு ஏறி வெற்றிக்கொடி நாட்டியது.

பிறகு சொந்தப் படங்கள் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். 1958இல் கண்ணதாசனின் ‘மாலையிட்ட மங்கை’ மறுவாழ்வு தந்தது. 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மதுரைப் பாண்டியன் சபையின் பாணபத்திரர் அவர்தான். 1978இல் மறைந்தார்.

நாடக ராத்திரிக்குத் தொண்டை நனைக்கும் சமாச்சாரமும் வேண்டுமே. திடலின் ஓரத்தில் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு சுக்குமல்லிக் காப்பிக்காரர் நிற்பார்: சுக்கு, மல்லி, கருப்பட்டி. அடுத்தது பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்து, பாலை வடிகட்டி, அரிசிமாவு கரைத்து விட்டு அடிபிடிக்காமல் கிண்டி, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, தேங்காய்ப் பல்லைத் தூவித் தருவார்கள். குடிக்கும் பதத்தில் இருக்கும் கஞ்சி அது, வயிறும் நிறையும். பருத்தி விளைந்த கரிசல்காடு மதுரைக்குக் கொடுத்த பானம்.

வெயில் காலத்துப் பகலுக்கு நன்னாரி சர்பத். மலையடிவாரத்தில் தோண்டிய வேரைத் தட்டிக் கொதிக்கவிட்டுப் பாகு காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து தருவது. மதுரை ஜிகர்தண்டாவின் அடியில் பாலோடும் கடல்பாசியோடும் கலந்திருப்பதும் இதே நன்னாரிதான். பனங்காட்டுப் பக்கம் போனால் பதநீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்குப் பெருமைதான். மேடைக்கு அப்படி எந்த முத்திரையும் இல்லை. பபூன் நேரம் நீண்டுகொண்டே போகிறது, தர்க்கம் சுருங்குகிறது, சினிமாப் பாட்டுக்குத்தான் கைதட்டல் அதிகம் என்று கலைஞர்கள் குறைப்படுகிறார்கள். ஊர்க் கமிட்டிகளும் செலவைப் பார்த்து இன்னிசைக் கச்சேரிக்கு மாறுகின்றன. நாடகம் வைக்கும் ஊர் குறைந்தால் டைரியில் தேதி குறையும். தேதி குறைந்தால் ஆர்மோனியம் கற்க அடுத்த பிள்ளை வரமாட்டான். சுவாமிகளின் பாடம் அச்சில் கிடைக்கும், தர்க்கம் கிடைக்காது.

வருகிற பங்குனியிலோ வைகாசியிலோ மதுரைப் பக்கம் சுவரில் நாடக நோட்டீஸ் கண்ணில் பட்டால், பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுங்கள். பபூன் முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். வள்ளி வாயைத் திறக்கும்வரை இருங்கள்.

(தொடரும்)