தேசிய பாதுகாப்புச் சபையும் ஜனாதிபதியும்

கண்டி அரசர்கள் தனியே இருந்து ஆட்சி செய்யவில்லை. அதிகார்களும் திசாவைகளும் அவர்களுக்கு ஆலோசனை கூறினர். எனினும் இறுதி முடிவு அரசருடையதாகவே இருந்தது. இன்று எமது நாட்டின் பாதுகாப்பு விடயத்தில் இதையொத்த பணியைச் செய்வது தேசிய பாதுகாப்புச் சபையாகும்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி ஜனாதிபதியே முப்படைகளின் தலைவர். அவரது தலைமையில் பிரதமர், பாதுகாப்புச் செயலாளர், முப்படைத் தளபதிகள், பொலிஸ் மா அதிபர், புலனாய்வுப் பிரிவுகளின் தலைவர்கள் ஆகியோர் இச்சபையில் கூடுவது வழமை. பொலிஸாருக்குத் தெரிந்த ஒன்று இராணுவத்திற்குத் தெரியாதிருக்கலாம். புலனாய்வுப் பிரிவு அறிந்தது பிரதமரை எட்டாதிருக்கலாம். சிதறிக் கிடக்கும் இத்தகவல்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, ஆபத்தை மதிப்பிட்டு, ஜனாதிபதிக்கு ஆலோசனை கூறுவதே சபையின் கடமை. தீர்மானமும் அதற்கான பொறுப்பும் ஜனாதிபதியையே சாரும்.

ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய சபை 1947இல் சட்டத்தின் மூலம் உருவானது. எமது நாட்டிலோ அது 1999இல் வர்த்தமானி அறிவித்தலின் மூலம் அமைக்கப்பட்டது. அரசியலமைப்பில் அதைப் பற்றி எதுவும் கூறப்படவில்லை. எனவே யாரை அழைப்பது, எப்போது கூடுவது என்பன பெரும்பாலும் ஜனாதிபதியின் விருப்பத்திலேயே தங்கியுள்ளன.

இதன் விளைவை 2019இல் கண்டோம். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. அடுத்த மாதம் வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் பிடிபட்டன. ஏப்ரல் 4ஆம் திகதி, ஸஹ்ரானின் குழு தாக்குதலுக்குத் திட்டமிடுவதாக இந்தியாவிலிருந்து தகவல் வந்தது. ஆனால் 2018 ஒக்டோபர் அரசியல் நெருக்கடிக்குப் பின் பிரதமரும் பொலிஸ் மா அதிபரும் சபைக்கு அழைக்கப்படவில்லை. ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, 250இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

தமக்கு எவரும் அறிவிக்கவில்லை என்று அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கூறினார். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி வழங்கிய தீர்ப்பில், அவர் 100 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் தலா 75 மில்லியனும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 50 மில்லியனும் செலுத்தப் பணிக்கப்பட்டனர்.

இது கொழும்பில் நடக்கும் கூட்டம்தானே என்று நாம் இருந்துவிட முடியாது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் எமது மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னர், அக்கொலைகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம்களும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டனர். எச்சரிக்கை உரியவரிடம் உரிய நேரத்தில் சேராதபோது எல்லாச் சமூகத்தவரும் அதன் விலையைக் கொடுக்கின்றனர்.

அகழ் யுத்தத்தின்போது, மதீனாவைச் சுற்றி அகழி வெட்டலாம் என்ற ஆலோசனையை ஸல்மான் பார்ஸி (ரழி) அவர்களே முன்வைத்தார்கள். பாரசீகத்திலிருந்து வந்த ஒருவரின் கருத்தை நபி (ஸல்) அவர்கள் செவிமடுத்து ஏற்றுக்கொண்டார்கள்.

எமது பாதுகாப்புச் சபையின் உறுப்பினர்கள் யார், அது எத்தனை நாளுக்கொரு முறை கூட வேண்டும் என்பவற்றைப் பாராளுமன்றம் சட்டமாக்க வேண்டும். அப்போது எந்த ஜனாதிபதியும், தமக்குப் பிடிக்காதவர் என்பதற்காக ஒருவரை வெளியே நிறுத்த முடியாது.